கதை நடந்த ஊரில் மேசை போடுங்கள்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என் நாவலின் அட்டை விலை 20 டாலர். கடையில் வைத்து விற்றால் கடைக்காரருக்கு 40 சதவீதம், அதாவது 8 டாலர் போய்விடும். சின்னப் பதிப்பகம் என்பதால் ஆசிரியர் பிரதிகளை நானே பாதி விலை கொடுத்துத்தான் வாங்குகிறேன், அது 10. ஆக, பிரதிக்கு 2 டாலர் மிச்சம். கையெழுத்து நிகழ்ச்சி என்று சனிக்கிழமை மதியம் முழுக்கச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்து பத்துப் பிரதி விற்றால் 20 டாலர். போய்வந்த பெட்ரோலுக்கே காணாது. கையெழுத்துப் போட்டுப் பணம் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இருந்தும் நான் போய்க்கொண்டேதான் இருக்கிறேன். டல்லாஸில் இருக்கும் ஒரு தங்கை ஆங்கிலத்தில் சரித்திர நாவல் எழுதி முடித்துவிட்டு, "அக்கா, கையெழுத்து நிகழ்ச்சி, விருது இதெல்லாம் உண்மையிலேயே உதவுமா, வெறும் படம் காட்டுவதா?" என்று கேட்டாள். போனில் சொன்னது பாதி. இது மீதி.

நான் பிறந்தது விருதுநகர்ப் பக்கம். சிவகாசியில் அச்சாகி வந்த கௌபாய் காமிக்ஸை அண்ணன் வாங்கிவருவான். அவன் முடிக்கும்வரை பொறுக்காமல் பிடுங்கிப் படிப்பேன். அந்தக் கதைகளில் பல இத்தாலியிலும் பிரான்ஸ், பெல்ஜியத்திலும் எழுதப்பட்டவை என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. கல்யாணமாகி வந்து சேர்ந்தது கொலராடோ மாநிலத்தின் புவெப்லோ நகரம். அங்கிருந்து கிழக்கே எழுபது மைல் போல ஓட்டினால் ஆர்க்கன்சா ஆற்றங்கரையில் பென்ட் கோட்டை. பென்ட் சகோதரர்களும் செரான் செயின்ட் வ்ரெய்ன் என்பவரும் 1833 வாக்கில் சுடாத மண் செங்கல்லால் கட்டிய வணிகக் கோட்டை அது. மிசௌரியிலிருந்து சான்டா ஃபே வரை சுமார் 900 மைல் நீண்ட வண்டிப்பாதையில் முக்கியமான தங்கல். இன்று நிற்பது 1976-இல் தேசியப் பூங்காத் துறை திரும்பக் கட்டியது. 1846 வரை அந்த ஆறுதான் எல்லை: கோட்டை நின்ற கரை அமெரிக்கா, எதிர்க்கரை மெக்சிகோ.

அந்தக் கோட்டையின் சமையலறையில் ஷார்லட் கிரீன் என்ற கறுப்பினப் பெண் இருந்தாள். அடிமை. அவள் கைப்பக்குவத்தைப் பற்றி வழிப்போக்கர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் கணவன் டிக், 1847-இல் நியூ மெக்சிகோவின் தாவோஸ் ஊரில் நடந்த கலகத்தை அடக்கப் போன படையோடு போய்ச் சண்டையிட்டதற்காக விடுதலை பெற்றவன். 1846 கோடையில் மெக்சிகோவின் மீது படையெடுத்துப் போன அமெரிக்க ராணுவம் இந்தக் கோட்டையில்தான் முகாமிட்டது. என் நாவல் அந்த ஒரு கோடையும் அந்த ஒரு சமையலறையும்.

புத்தகம் வந்ததும் எல்லோரையும் போல முதலில் நகரத்துப் பெரிய கடைகளுக்குத்தான் எழுதினேன். ஒரு கடையில் கழிப்பறைக்குப் போகும் வழியில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். அன்று என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி, கழிப்பறை எந்தப் பக்கம் என்பதுதான். வாங்கியவர்கள் தமிழ்ச் சங்கத்து நண்பர்கள். நம் ஊர்ப் பெண் எழுதியிருக்கிறாள் என்ற பாசம். அந்தப் பாசம் ஒரு முறை வாங்கும், இரண்டாவது நாவலுக்கு வராது. நகரத்துக் கடைகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மூன்று, நான்கு மாதம் முன்னதாகவே தேதி கேட்க வேண்டும், விற்காத பிரதிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஏற்பாடு இருக்கிறதா என்று அவர்கள் கேட்பார்கள், சிலர் இடத்துக்கே கட்டணம் கேட்பார்கள். அவ்வளவுதான்.

நிலைமை மாறியது ல ஹுன்டா பக்கம் போனபோது. கோட்டைக்குப் பக்கத்து ஊர் அது. மக்கள்தொகை குறைவு, கடைத்தெரு சிறியது. ஆனால் அங்கே நூலகத்தில் பேசினால் வருகிறவர்களுக்குக் கதை ஏற்கெனவே பாதி தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பாட்டி, "சூசன் வருகிறாளா உன் கதையில்?" என்று கேட்டார். சூசன் மகோஃபின், வணிகர் ஒருவரின் இளம் மனைவி. 1846 ஜூலையில் இந்தக் கோட்டையில்தான் தன் 19-ஆவது பிறந்தநாளைக் கழித்தாள், மறுநாளே கரு கலைந்தது. அவள் நாட்குறிப்பு அந்தப் பாதையோர ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. "வருகிறாள் பாட்டி, ஆனால் மாடியறையில் படுத்திருக்கிறாள், நாம் கீழே சமையலறையில் இருக்கிறோம்" என்றேன். இரண்டு பிரதி வாங்கினார். ஒன்று கான்சாஸில் இருக்கும் தங்கைக்காம்.

சரித்திர நாவலுக்கு, அதிலும் எல்லைப்புறக் கதைகளுக்கு, ஊர்தான் விளம்பரம். ஆகவே வரைபடத்தை விரித்து, கதை எந்தெந்த ஊர் வழியாகப் போகிறதோ அங்கெல்லாம் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்: நூலகம், மாவட்ட வரலாற்றுச் சங்கம், அருங்காட்சியகம், பழைய கோட்டை, வாரப் பத்திரிகை. என் விஷயத்தில் சான்டா ஃபே பாதைச் சங்கம் என்று ஒன்று 1986-இலிருந்தே இருக்கிறது. பாதை நெடுக அதற்குக் கிளைகள். ஒவ்வொரு கிளைக்கும் பேச்சாளர் வேண்டும், பேச்சாளர்தான் கிடைப்பதில்லை. "வந்து பேசட்டுமா?" என்று கேட்டு நான் எழுதிய கிளைகளிலிருந்தெல்லாம் பதில் வந்தது. "என் புத்தகத்தை விற்கலாமா?" என்று எழுதியிருந்தால் வந்திருக்காது என்று நினைக்கிறேன். சின்ன ஊர் வாரப் பத்திரிகைக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு பத்திச் செய்தியும் நல்ல புகைப்படமும் அனுப்பினால் பெரும்பாலும் அப்படியே போட்டுவிடுகிறார்கள். அங்கே செய்தி எழுத ஆள் கிடையாது.

தேசியப் பூங்காத் துறையின் வரலாற்றிடங்களில் உள்ள கடைகள் வேறு மாதிரி. பெரும்பாலும் லாப நோக்கில்லாத சங்கங்கள்தான் அவற்றை நடத்துகின்றன. அங்கே வைக்கும் புத்தகத்தை வரலாற்றுப் பிழை உண்டா என்று பூங்கா ஊழியர்கள் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மாதக் கணக்கில் ஆகலாம். பொறுமையாக இருங்கள். ஒரு முறை உள்ளே போய்விட்டால், நீங்கள் இல்லாத நாளிலும் புத்தகம் அங்கே நின்று விற்கும். கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெயிலில் களைத்துக் கடைக்குள் நுழைகிறவர், அந்த இடத்தைப் பற்றிய கதையை எடுக்காமல் போவது அரிது.

இந்த வாசகர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவர்கள் நிபுணர்கள். வார இறுதிகளில் 1840-ஆம் ஆண்டு உடுப்பை மாட்டிக்கொண்டு, கூடாரம் போட்டு, சிக்கிமுக்கிக் கல்லில் தீ மூட்டுகிறவர்கள். வயோமிங்கில் ஃபோர்ட் பிரிட்ஜரில் தொழிலாளர் தின வார இறுதியில் நடக்கும் கூட்டம் அந்த வகையில் பெயர் பெற்றது. அங்கெல்லாம் பிளாஸ்டிக் மேசையும் வினைல் பேனரும் கொண்டுபோய் நின்றால் மரியாதை இருக்காது. கான்வாஸ் துணி, மரப்பலகை, பித்தளை என்று போக வேண்டும். ஒருவர் என் புத்தகத்தை எடுத்தார். பின்னட்டையைப் பார்க்கவில்லை, முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. சமையலறை வரும் அத்தியாயத்துக்கு நேரே போய் விரலால் வரி வரியாகத் தேடினார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "மேசன் ஜாடி" என்றார். திருகு மூடி போட்ட அந்தக் கண்ணாடி ஜாடிக்கு ஜான் மேசன் காப்புரிமை வாங்கியது 1858-இல். அதற்கு முந்தைய கதைகளில் அந்த ஜாடியில் பழப்பாகு போட்டு வைக்கும் பெண்களை அவர் நிறையச் சந்தித்திருக்கிறாராம். என்னிடம் மண்பானையும் மரப்பீப்பாயும்தான் இருந்தன. புத்தகத்தை மூடி, பணத்தை எடுத்து வைத்தார். 1865-இல் நடக்கும் கதையில் 1873-ஆம் ஆண்டு வின்செஸ்டர் துப்பாக்கியைக் கொடுத்தவர்கள் கதி என்னவாகும் என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசையில் கதையிலிருந்து ஒரு பொருள் இருக்க வேண்டும். நான் வைப்பது ஒரு சின்னச் சிவப்புப் பொட்டலம். அந்தக் காலத்து வணிகத்தில் சீனத்திலிருந்து வந்த சாதிலிங்கப் பொடிக்குப் பெரிய கிராக்கி. காகிதப் பொட்டலங்களாகக் கப்பலேறி, பிறகு மாட்டு வண்டியேறி, சமவெளிப் பழங்குடிகளிடம் எருமைத் தோலுக்கு மாற்றாகப் போனது. அவர்கள் முகத்திலும் வகிட்டிலும் பூசிக்கொள்வார்கள். வகிட்டில் சிவப்பு என்றதும் எனக்கு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? சாதிலிங்கத்தில் பாதரசம் உண்டு, ஆகவே என் பொட்டலத்தில் இருப்பது அம்மா அனுப்பிய மதுரைக் குங்குமம், அதையும் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள், பெற்றோர் நின்றுவிடுவார்கள். நின்றவரிடம்தான் பேச முடியும். அடுத்த சரக்கு மயில். பென்ட் கோட்டையில் மயில் வளர்த்தார்கள். மாடியில் பில்லியர்ட்ஸ் மேசை வேறு. மரமே இல்லாத அந்தப் புல்வெளியில் மயில் அகவினால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தமிழ்ப்பெண் சொல்வதைக் கேட்க அவர்களுக்குப் பிடிக்கிறது.

"நீங்கள் எந்த இந்தியர்?" என்ற கேள்வி எப்படியும் வரும். அமெரிக்கப் பழங்குடிகளையும் இங்கே இந்தியர் என்பார்கள். கோபப்படத் தேவையில்லை, ஆனால் மழுப்பவும் கூடாது. நான் தென்னிந்தியாவிலிருந்து வந்தவள், ஷயென் பழங்குடி மக்களைச் சேர்ந்தவள் இல்லை என்று பின்னட்டையிலேயே தெளிவாகப் போட்டிருக்கிறேன். வில்லியம் பென்ட் மணந்தது ஷயென் பெண்ணை. 1864 நவம்பர் 29 அன்று சாண்ட் கிரீக்கில் ராணுவம் ஷயென், அரப்பஹோ மக்களைக் கொன்று குவித்தபோது, வில்லியம் பென்டின் பிள்ளைகளும் அந்த முகாமில் இருந்தார்கள். அந்த இடம் கோட்டையிலிருந்து ஒன்றும் வெகுதூரமில்லை. கேட்க வந்தவர்களில் அந்த வம்சத்தவர் இருக்கக்கூடும். விளம்பரத்துக்கு வடிவமைத்த ஒருவர் புத்தகத்தோடு கொடுக்கும் பக்கக்குறி அட்டையில் இறகுத் தலைப்பாகைப் படம் போட்டு அனுப்பினார். அழகாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லி ஒரு இரும்பு வாணலியைப் போடச் சொன்னேன். கதையும் வாணலியைப் பற்றியதுதானே.

கையெழுத்துப் போடும் வேலையிலும் கொஞ்சம் நுணுக்கம் உண்டு. தலைப்புப் பக்கத்தில் போடுங்கள், உள்ளட்டையில் வேண்டாம். தடித்த மார்க்கர் பேனா மறுபக்கம் ஊறும். நிறமி மை உள்ள மெல்லிய பேனா போதும். பெயரை எழுதும் முன் ஒரு ஒட்டுத்தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேத்தி என்ற ஒரே பெயரை இங்கே நாலு விதமாக எழுதுகிறார்கள். சேகரிப்பாளர்கள் பெயர் வேண்டாம், கையெழுத்து மட்டும் என்பார்கள். நம் ஊர்ப் புத்தகக் காட்சிப் பழக்கத்தில் "அன்புடன்" என்று நாலு வரி எழுதிவிடாதீர்கள். உட்காராமல் நில்லுங்கள். பேச்சு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், நாவலிலிருந்து வாசிப்பது ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். கார்டு தேய்க்கும் கருவியை முந்தின இரவே சார்ஜ் போடுங்கள். அந்த ஊர்களில் சிக்னல் கிடைக்காது, சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா மாதிரி நிகழ்ச்சிகளில் நீங்களே விற்றால் கொலராடோவில் மாநில வருவாய்த் துறையின் உரிமம் வேண்டும், விற்பனை வரி கட்ட வேண்டும். மாநில வரி 2.9 சதவீதம், ஊர் வரி அதற்கு மேல். சின்னத் தொகைதானே என்று விடாதீர்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் நான் செய்யும் ஒரே முக்கியமான வேலை: நூலகர், கடைக்காரர், சங்கச் செயலாளர் இவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது. எனக்குக் கிடைத்த உண்மையான விற்பனை முழுக்க அந்த நோட்டிலிருந்து வந்ததுதான். வாங்கிய வாசகர் ஒரு பிரதி வாங்குகிறார். நூலகர் தன் ஊரின் வாசிப்புக் குழுவுக்கு மொத்தமாக வாங்குகிறார். இங்கே பல நூலகங்களில் ஒரே புத்தகத்தின் பத்துப் பன்னிரண்டு பிரதிகளைப் பையில் போட்டு, கூடவே கேள்விகள் அடங்கிய தாளும் வைத்துக் குழுக்களுக்கு இரவல் தருகிறார்கள். அந்தப் பைக்குள் போவதுதான் என் இலக்கு. கேள்வித்தாளை நீங்களே தயாரித்துக் கொடுங்கள். அவர்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

விருதுகளின் பயனும் இங்கேதான் வருகிறது. மேசைக்கு வரும் வாசகர் விருதைப் பற்றிக் கேட்பதே இல்லை. ஒரு அம்மா என் புத்தகத்தைக் கையில் எடுத்து, அட்டையில் ஒட்டியிருந்த தங்க நிற ஸ்டிக்கரை நகத்தால் நெம்பிப் பார்த்தார். கீழே என்ன இருக்கிறது என்று கேட்டார். கோட்டையின் கோபுரம். ஸ்டிக்கர் அதை மறைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஆகாயம் தெரியும் மூலையில் ஒட்டுகிறேன். ஆனால் அதே ஸ்டிக்கர் நூலகருக்கும் கடைக்காரருக்கும் வேறு விதமாகப் பேசுகிறது. ஆயிரம் புத்தகங்களிலிருந்து சிலதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவருக்கு ஒரு காரணம் வேண்டும். யாரோ மூன்று பேர் படித்துப் பார்த்துத் தேர்ந்தது என்பது நல்ல காரணம். ஒரு விருதின் இறுதிப் பட்டியலில் என் நாவல் வந்தது, பரிசு வரவில்லை. அதற்கு முன் பதிலே போடாத சில நூலகங்கள் அதன் பிறகு தாங்களாகவே எழுதின. இறுதிப் பட்டியல் என்றாலும் கதவு திறக்கும்.

எந்த விருது? அமெரிக்க மேற்குப் பகுதிக் கதைகளுக்கான விருதுகளில் மூத்தது ஸ்பர். 1953-இல் தொடங்கிய மேற்கத்திய எழுத்தாளர் சங்கமான வெஸ்டர்ன் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா தருவது. சரித்திர நாவல், மரபான மேற்கத்திய நாவல், முதல் நாவல் என்று பிரிவுகள் உண்டு. உண்மையான நிகழ்ச்சிகளும் மனிதர்களும் கதையைத் தாங்குகிறார்களா, அல்லது காலமும் களமும் மட்டும் பழையதா என்று பார்த்துப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். ஓக்லஹோமா சிட்டியில் உள்ள தேசிய கௌபாய் அருங்காட்சியகம் 1961 முதல் வெஸ்டர்ன் ஹெரிட்டேஜ் விருது தருகிறது. வெண்கலச் சிலை கொடுப்பார்கள். பெண்களின் கதை என்றால் விமன் ரைட்டிங் த வெஸ்ட் அமைப்பின் வில்லா விருதைத் தவறவிடாதீர்கள், நாவலாசிரியை வில்லா கேத்தர் பெயரில் உள்ளது. வில் ராஜர்ஸ் மெடாலியன் இன்னொன்று. அமெரிக்க சரித்திரப் புனைவுக்கென்றே லாங்கம் பரிசு இருக்கிறது. பிறகு உங்கள் மாநிலப் புத்தக விருது. அதை ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உள்ளூர் நூலகர் முதலில் மதிப்பது அதைத்தான்.

இவற்றுக்கு வெளியே ஒரு பெரிய சந்தை இருக்கிறது. எண்பது, நூறு பிரிவுகள் வைத்து, பிரிவுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி, ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதோ ஒரு பதக்கம் கொடுத்து, பிறகு ஸ்டிக்கரையும் விலைக்கு விற்பார்கள். கல்யாண மண்டப வாசலில் எல்லோர் தலையிலும் பன்னீர் தெளிப்பது போலத்தான். போலி என்று சொல்லமாட்டேன், பிரயோஜனம் இல்லை என்பேன். ஒரு விருதுக்குப் பணம் கட்டும் முன், கடந்த வருடம் பரிசு வாங்கிய நாவலின் பெயரை உங்கள் நூலகரிடம் சொல்லிப் பாருங்கள். தெரியவில்லை என்றால் கட்டாதீர்கள்.

தேதி விஷயத்தில் கவனம் வேண்டும். பெரும்பாலான விருதுகள் புத்தகம் வெளியான ஆண்டைத்தான் பார்க்கும். டிசம்பரில் வெளியான புத்தகம் அந்த ஆண்டுக் கணக்கில் போய்விடும். மதிப்புரை வருவதற்குள் கடைசித் தேதி வந்து நிற்கும். பதிப்பாளரிடம் பேசி வெளியீட்டை ஆண்டின் முற்பாதிக்குக் கொண்டுவர முடிந்தால் நல்லது. நடுவர்கள் தனித்தனி ஊர்களில் இருக்கும் எழுத்தாளர்கள், நூலகர்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி அனுப்ப வேண்டியிருக்கும். விருதுப் பிரதிகளுக்கென்று ஒரு பெட்டியை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். பதிப்பாளர் அனுப்புவார் என்று நம்பியிருக்க வேண்டாம். அனுப்பியதற்கான அத்தாட்சியைக் கேட்டு வாங்குங்கள். சொந்தமாகப் பதிப்பிக்கிறவர்களுக்கு இன்னொரு செலவு ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண். நம் நாட்டில் இலவசமாகக் கிடைப்பது இங்கே, நான் விசாரித்தபோது, ஒரு எண்ணுக்கு 125 டாலர், பத்து சேர்த்து வாங்கினால் 295.

விருது விருந்துக்குப் போகலாமா என்று தங்கை கேட்டாள். டிக்கெட், ஹோட்டல், பயணம் எல்லாம் நம் கைக்காசு. பரிசு வாங்கும் அரை நிமிடத்துக்காகப் போக வேண்டாம் என்றேன். ஆனால் ஸ்பர் விருது வழங்குவது ஜூன் மாதம் நடக்கும் மாநாட்டில். சில நாள் நடக்கும், பதிப்பாளர்கள் வருவார்கள், முகவர்கள் வருவார்கள், மற்ற எழுத்தாளர்கள் காலை உணவு மேசையில் பக்கத்தில் உட்காருவார்கள். ஊர் வருடா வருடம் மாறும். உங்கள் மாநிலத்துக்குப் பக்கத்தில் நடக்கிற வருடம், பட்டியலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், போய்வாருங்கள்.

அப்புறம், அனுப்பும் செலவு. புத்தகப் பொதிகளைத் தபால் நிலையத்தில் மீடியா மெயில் என்று கேட்டு அனுப்புங்கள், புத்தகங்களுக்கான சலுகைக் கட்டணம் அது, செலவு குறையும். உள்ளே விளம்பரத் தாள்களைத் திணிக்கக் கூடாது; தபால்காரர்கள் பிரித்துப் பார்க்கலாம், பார்த்தால் முழுக் கட்டணமும் கேட்பார்கள். வாணலிப் படம் போட்ட பக்கக்குறி அட்டைகளை நான் தனி உறையில் அனுப்புகிறேன்.